பரிவுக்கு நூற்றுக்கு நூறு

லுரீன் காடில் செய்த ஒரே தப்பு, 'உங்களுக்கு ஏற்ற படிப்பு எது?' என்று கேட்ட ஒரு வலைத்தளத்துக்குத் தன் போன் நம்பரைக் கொடுத்ததுதான். பெயர், ஊர், அனுபவம் என்று கேட்டார்கள். லுரீன் காடில், லாரல் லிக், நர்ஸ் வேலையில் இருபத்திரண்டு வருஷம் என்று நல்ல பிள்ளையாகத் தட்டிவிட்டாள். தட்டிய விரலை எடுக்கவில்லை, போன் அடித்தது. எடுத்தால் ஒரு பல்கலைக்கழகம். அதை வைப்பதற்குள் இன்னொன்று. மறுநாள் சர்ச்சில் பாஸ்டர் தலை குனியச் சொன்ன நேரம் பார்த்து மூன்று. திங்கட்கிழமைக்குள் பதினான்கு பல்கலைக்கழகங்கள் அவளைத் தத்தெடுக்க வரிசையில் நின்றன. பெற்ற தாய்கூட அவளை அப்படித் துரத்தித் துரத்திக் கூப்பிட்டதில்லை.

அவளுக்குப் படிப்பு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. நாற்பத்தேழு வயதில் யாருக்கு வரும்? லாரல் லிக்கில் இருந்தது ஒரே ஒரு க்ளினிக். அதில் ஒரே டாக்டர், ஹோபர்ட் ஸ்லோன், வயது எழுபத்தொன்பது. ஒரே நர்ஸ், இவள். அடுத்த டாக்டரைப் பார்க்க மலையைத் தாண்டி அறுபத்திரண்டு மைல் போக வேண்டும். பனி விழுந்துவிட்டால் அதுவும் கிடையாது. கடவுளைத்தான் பார்க்கலாம், சில பேர் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். "ஏம்மா லுரீன், என் இதயத்தை நானே வச்சுக் கேட்டுப் பார்த்தேன். கேக்க நல்லா இல்ல. நீ அந்த நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பைப் படிச்சிடு. மருந்தெழுதிக் கையெழுத்துப் போடற தகுதி வந்துட்டா சாவி உன்னுது."

"வரலைன்னா?"

"கட்டடம் கவுன்டி சர்க்கார்காரனோடது. ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற ஜூன் முப்பது வரைக்கும் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள நீ படிச்சு முடிச்சதுக்கான கடிதம் அவன் மேஜைக்குப் போகணும். போகலைன்னா இங்க சிகரெட் கடை வரும். நம்ம ஜனங்களுக்கு அதுவும் தேவைதான், என்ன ஒண்ணு, இருமறதுக்கு வேற ஊருக்குப் போகணும்."

ஆக, லுரீன் படிக்கக் கிளம்பியது பட்டத்துக்காக இல்லை, ஒரு பூட்டு விழாமல் இருப்பதற்காக.

பதினான்கு பேரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "களப்பயிற்சிக்கு இடமும், கூட நின்னு கையெழுத்துப் போட டாக்டரும் நீங்க பார்த்துத் தருவீங்களா?" பதின்மூன்று பேர் பேச்சை மாற்றினார்கள். பதினான்காவது ஆள், சில்வர் பீக்கன் பல்கலைக்கழகத்துச் சேர்க்கை ஆலோசகர் ட்ரிஸ்டன், குரலிலேயே தேன் வடிய, "முழு ஆதரவு தருவோம் லுரீன்! உங்க பயணத்துல நாங்க ஒவ்வொரு அடியிலயும் கூட இருப்போம்" என்றான். இவள் நம்பினாள். மலைக்காரி, ஒருத்தன் கூட வருகிறேன் என்றால் வருவான் என்று நினைக்கிற ஜாதி.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முகப்பில் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தன: 'உங்கள் கனவு. உங்கள் வேகம். உங்கள் பொறுப்பு.' முதல் இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவள் வீடு இருக்கிற பள்ளத்துக்கு இன்டர்நெட் இறங்காது. அதனால் படிப்பெல்லாம் ஊர் நூலகத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தில், அவளுடைய பழைய காருக்குள்தான். நூலகச் சுவருக்கு ஒட்டி நிறுத்தினால் வைஃபை நன்றாக வரும். ஸ்டியரிங்கில் லேப்டாப், மடியில் சோள ரொட்டி. அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே சக மாணவர் ஆர்வல் நேப்பியர். அவளுடைய அப்பாவோடு முப்பது வருஷம் சுரங்கத்தில் கரி வெட்டியவர். நுரையீரலில் இப்போது கரிதான் பாக்கி. சின்னச் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு, ஏசிக் காற்றுக்காக நூலகத்துக்கு வருவார். வரும்போதும் போகும்போதும் அவள் கார்க் கண்ணாடியைத் தட்டுவார்.

"என்னம்மா, இன்னிக்கு என்ன பாடம்?"

"அன்புன்னா என்னன்னு முந்நூறு வார்த்தையில எழுதணுமாம்."

"உங்கப்பன் உங்கம்மாகிட்ட முப்பது வருஷத்துல மூணு வார்த்தைகூடப் பேசல. எழுதிட்டு எனக்கும் காட்டு."

அவள் எழுதினாள். வலியில் துடித்த கிழவி ஒருத்திக்கு, மருந்து வந்து சேரும்வரை மூன்று மணி நேரம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை உள்ளபடி எழுதினாள். இருபதுக்கு ஆறு வந்தது. காரணமும் வந்தது: 'வலி இருந்தது என்கிறீர்கள். இதற்கு மேற்கோள் இல்லை. கடந்த ஐந்து வருடங்களுக்குள் வெளியான ஆய்விலிருந்து ஆதாரம் தரவும்.' கிழவி செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த வலி காலாவதி. லுரீன் தேடிப் பிடித்து, வலித்தால் மனிதர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நாலு பேராசிரியர்கள் சேர்ந்து கண்டுபிடித்திருந்த ஒரு ஆய்வைச் சேர்த்தாள். இருபதுக்குப் பத்தொன்பது. அந்த ஒரு மார்க், காற்புள்ளி ஒன்று சாய்வெழுத்தில் விழுந்துவிட்டதற்காம்.

அது போதாதென்று ஒவ்வொரு வாரமும் புதன்கிழமைக்குள் ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற மாணவர் இருவருக்குப் பதில். பதில் பாராட்டோடுதான் தொடங்க வேண்டும், கேள்வியோடுதான் முடிய வேண்டும். அரிசோனாவில் இருக்கிற ஒரு பெண் 'கை கழுவுவது நல்லது' என்று எழுதியிருப்பாள். அதற்கு இவள், 'அருமையான பார்வை! கை கழுவுவதைப் பற்றி இப்படி நான் யோசித்ததே இல்லை. இரண்டு கையையும் கழுவலாமா?' என்று எழுதுவாள். இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் இதை எழுதிவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று கார்க் கண்ணாடி வழியாகச் சுற்றிப் பார்ப்பாள். அவளுக்கே அவ்வளவு வெட்கம்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. களப்பயிற்சி வந்தது, அறுநூறு மணி நேரம். ட்ரிஸ்டன் சொன்ன முழு ஆதரவும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அது ஒரு பக்கத்துக் காகிதம்: 'ஒரு மருத்துவரிடம் உதவி கேட்பது எப்படி? படி ஒன்று: புன்னகை செய்யவும்.'

லுரீன் போன் போட்டாள். "தம்பி, நீங்க இடம் பார்த்துத் தருவோம்னு சொன்னீங்களே?"

"லுரீன், ஆதரவுன்னு சொன்னேன். நாங்களே தேடிக் குடுத்துட்டா உங்களுக்குள்ள இருக்கற தலைவியை நாங்களே அமுக்கின மாதிரி ஆயிடாதா? உங்க சுதந்திரத்தைப் பறிக்க எங்களுக்கு மனசு வராது."

எவ்வளவு நல்ல மனசு! சுதந்திரம் கிடைத்த லுரீன் நாற்பத்தொரு இடங்களுக்குப் போன் செய்தாள். முதல் முப்பது இடங்களில், இதே பல்கலைக்கழகம் சுதந்திரம் கொடுத்து அனுப்பிய மற்ற மாணவிகள் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஓர் இடத்தில் எடுத்த எடுப்பிலேயே, "நீங்களும் புன்னகை செய்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கடைசியில் டாக்டர் ஸ்லோன்தான், "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு எதுக்கும்மா ஊரெல்லாம் அலையற? நானே உன் மேற்பார்வையாளரா இருக்கேன்" என்றார்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. அவர் டாக்டர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கொடுத்தார். க்ளினிக்கின் சட்டப் பிரிவுத் தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். க்ளினிக்கில் இருந்தது டாக்டர், லுரீன், ஒரு மீன் தொட்டி. சட்டப் பிரிவு என்ற இடத்தில் டாக்டர் கையெழுத்திட்டார். மனிதவளப் பிரிவு என்ற இடத்தில் அவரே இடது கையால் போட்டார். தொற்றுத் தடுப்புக் குழுவின் தலைவருக்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. இருவரும் ஒரு நிமிஷம் மீன் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு அதையும் டாக்டரே போட்டார். இத்தனையும் ஏற்கப்பட ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் லுரீன் அதே க்ளினிக்கில், அதே டாக்டருக்குப் பக்கத்தில், அதே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது களப்பயிற்சியாகாது, வெறும் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் மணி ஓட ஆரம்பித்தது. நூறு, இருநூறு, நானூறு. டாக்டர் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கணினி முன் உட்கார்ந்து திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கில் நின்றது. இன்னும் ஆறு மணி நேரம், ஒரே ஒரு நாள்.

அந்த நாள் மத்தியானம் மூன்று பத்துக்கு டாக்டர் ஸ்லோன் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டே கீழே சரிந்தார். நெஞ்சு நின்றுவிட்டது. லுரீன் குழந்தையைத் தாயிடம் தள்ளிவிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தவள், ஆம்புலன்ஸ் மலையேறி வந்து சேர்ந்த ஐந்து நாற்பது வரை எடுக்கவில்லை. இரண்டு தடவை மின்சார அதிர்ச்சி கொடுத்தாள். மூச்சு திரும்பியது, போனது, திரும்பியது. வந்த ஆம்புலன்ஸ்காரன் பார்த்துவிட்டு, "நான் செய்ய நீங்க ஒண்ணும் மிச்சம் வைக்கலையே" என்றான். டாக்டரை உயிரோடுதான் ஏற்றினார்கள்.

மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து காணொளியில் கூப்பிட்டார் களப்பயிற்சித் தலைவர் டாக்டர் மெரிடித் ஆஷ்வர்த். பின்னால் அலமாரி நிறைய விருதுகள்.

"லுரீன், முதல்ல உங்க துயரத்தை நான் அங்கீகரிக்கிறேன்." மூன்று விநாடி கண்ணை மூடித் திறந்தார். "அங்கீகரிச்சாச்சு. இப்ப விஷயத்துக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை ஆறு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. அதுல மூணு பத்துலேருந்து அஞ்சு நாப்பது வரைக்கும் உங்க மேற்பார்வையாளர் உங்களைக் கவனிச்சிட்டு இருந்தாரா?"

"அவருக்கு மூச்சே இல்ல மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். மாணவி ஒருத்தர், மேற்பார்வை இல்லாம, ரெண்டரை மணி நேரம் சிகிச்சை பண்ணியிருக்கீங்க. அதுவும் யாருக்கு? உங்களுக்கு மார்க் போடற மனுஷனுக்கு. அவர் பொழைச்சா உங்களுக்கு லாபம். இது வெளியில எப்படித் தெரியும்னு யோசிச்சீங்களா?"

"அப்ப நான் சும்மா நின்னிருக்கணுமா?"

"நின்னிருக்கணும்னு நான் சொல்லவே இல்ல. எந்த நோயாளிக்கும் உதவ வேண்டாம்னு எங்க பல்கலைக்கழகம் என்னிக்கும் சொல்லாது. அனுமதி வாங்கிட்டுச் செய்யுங்கன்னுதான் சொல்றோம். படிவம் இருக்கே."

"யார்கிட்ட அனுமதி வாங்கறது?"

"உங்க மேற்பார்வையாளர்கிட்ட."

"சரி, அவர் விழறதுக்கு முன்னாடி மூணரை மணி நேரம் நல்லாத்தானே இருந்தார்? அதையாவது..."

"ஒரு நாளைக்கு ஒரு கையெழுத்து லுரீன். பாதி நாளுக்குப் பாதிக் கையெழுத்துன்னு எங்ககிட்ட கிடையாது. தரம்னா அதுதான். நாங்க ஒரு ஆளைக்கூடப் பார்க்காம பதினோராயிரம் பேருக்குப் பயிற்சி குடுத்து அனுப்பியிருக்கோம். தரத்தை விட்டுட்டா எங்ககிட்ட வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

அந்த அம்மாள் சொன்னதிலேயே அதுதான் நிஜம்.

பதினெட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்லோன் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. லுரீன் ஓவென்று அழுதாள். பாதி அவருக்காக, பாதி அந்த ஆறு மணி நேரத்துக்காக, அது தெரிந்து வெட்கப்பட்டு இன்னும் அழுதாள். சில்வர் பீக்கன் மட்டும் டாக்டரை விடவில்லை. 'அன்புள்ள டாக்டர் ஸ்லோன், உங்கள் மதிப்பீடு தாமதமாகிறது' என்று வாரம் இரண்டு கடிதம் க்ளினிக் கணினிக்கு வந்தது. அவர் இறந்த சேதியை லுரீன் எழுதிப் போட்டதற்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். 'மேற்பார்வையாளர் எப்போது பணிக்குத் திரும்புவார்?' என்று கேட்டு, தேர்ந்தெடுக்க மூன்று விடை: இரண்டு வாரம், நான்கு வாரம், அடுத்த பருவம். நான்காவதாக ஒன்று எழுத இடமே இல்லை. பாஸ்டரைக் கேட்டால், செத்தவர்கள் எழுந்து வரும் நாள் நமக்குச் சொல்லப்படவில்லை என்றார். அவள் 'அடுத்த பருவம்' என்று போட்டாள்.

க்ளினிக்கைப் பூட்டிச் சாவியை அவளே வைத்திருந்தாள். ஜூன் வந்தது. நாற்பத்தொரு இடத்துக்கும் மறுபடி போன் செய்தாள். யாரும் இல்லை. ஆர்வல் நேப்பியருக்கு ஆக்சிஜன் கொண்டுவந்து போடும் கம்பெனி, புதிதாக ஒரு கையெழுத்து இல்லாமல் சிலிண்டர் தர முடியாது என்று கைவிரித்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் கல்லறையில். க்ளினிக் அறையில் டாக்டர் சேர்த்து வைத்திருந்த சிலிண்டர்களில் ஒன்றை, வாரா வாரம் லுரீன்தான் எடுத்து மாட்டிவிடுவாள். ரெண்டு நிமிஷ வேலை.

"நீ எப்பம்மா கையெழுத்துப் போடுவ?" என்று கேட்டார் ஆர்வல்.

"ஆறு மணி நேரம் பாக்கி பெரியவரே."

"ஆறு மணி நேரம்தானே? என்னைப் பாரு. என்னைப் பார்த்தா ஆறு வருஷத்துக்குப் பாடம் இருக்கு."

"உங்களைப் பார்த்தா கணக்குல வராதாம்."

"என் பொண்டாட்டியும் அதையேதான் சொன்னா," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது.

ஜூன் மாதக் கடைசியில் ட்ரிஸ்டன் கூப்பிட்டான். குரலில் தேன் இரண்டு மடங்கு. "லுரீன், உங்களுக்காக ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம்! கணினி நோயாளி. ஆறு மணி நேரம் அவங்களைப் பார்த்தீங்கன்னா அறுநூறு முழுசா ஆயிடும். ஞாயித்துக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, மத்தியானம் பன்னெண்டுலேருந்து ஆறு. விட்டா அடுத்தது செப்டம்பர்தான்."

செப்டம்பரில் க்ளினிக் இருக்காது. லுரீன் சரி என்றாள்.

விதிகளை அனுப்பினார்கள். கேமரா கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கும். திரையை விட்டுப் பார்வை மூன்று விநாடிக்குமேல் விலகினால் தேர்வு ரத்து. கை இரண்டும் தெரிய வேண்டும். வேறு யாரிடமும் பேசினால் ரத்து. கதவு திறந்தால் ரத்து. இதற்கெல்லாம் காரணம் கடைசியில் எழுதியிருந்தது: 'நோயாளியிடம் முழுக் கவனம் செலுத்தும் பழக்கத்தை வளர்ப்பதே எங்கள் நோக்கம்.'

ஞாயிற்றுக்கிழமை நூலகம் பூட்டியிருந்தது, வைஃபைக்குப் பூட்டில்லை. லுரீன் காரைச் சுவரோரம் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டாள். இடுப்பில் க்ளினிக் சாவி குத்தியது. ஆர்வலிடம் முதல் நாளே, "நாளைக்கு மட்டும் தட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லியிருந்தாள்.

திரையில் வந்த கணினி நோயாளியின் பெயர் திருமதி பெட்டிக்ரூ. வயது எழுபத்திரண்டு, மலைக்கிராமத்துக்காரி, பக்கத்தில் டாக்டர் இல்லாததால் கஷ்டப்படுபவள் என்று குறிப்பு சொன்னது. எந்த மலையிலும் யாரும் கட்டாத ஒரு கட்டம் போட்ட தலைத்துணி. கன்னத்தில் அழுக்கைக்கூட அளவெடுத்துப் பூசியிருந்தார்கள். "எங்களை மாதிரி ஏழை ஜனங்களை யாரு பார்க்கறாங்க?" என்று அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள். லுரீன், "நான் இருக்கேன். உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் மார்க் உண்டு.

ஐந்து மணி நேரமும் சொச்சமும் அப்படிப் போனது. முழங்கால், மலச்சிக்கல், மகனோடு மனஸ்தாபம். ஐந்து முப்பத்தெட்டுக்குக் கண்ணாடியில் தட்டும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. முதல் தட்டலுக்கு எரிச்சல்தான் வந்தது. பாவி மனுஷன், சொல்லியும் கேட்கவில்லையே! இரண்டாவது தட்டல் விரல் கணுவால் இல்லை, உள்ளங்கையால். அதற்குப் பின்னால் ஒரு இழுப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த இழுப்பை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள்! சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. புது சிலிண்டர் தெருவுக்கு அந்தப் பக்கம், அதன் சாவி தன் இடுப்பில்.

இருபத்திரண்டு நிமிஷம் பாக்கி. திரும்பினால் ரத்து. ரத்தானால் செவ்வாய்க்கிழமை கட்டடம் போய்விடும், அப்புறம் இந்த ஊரில் யாருக்கும் யாரும் இல்லை. திரும்பாவிட்டால் ஒருத்தர். அவள் மனசு கணக்குப் போட்டது, அந்தப் படிப்பு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. பெரியவர் தாங்குவார், போன குளிர்காலத்தில் தாங்கினாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேற்கோள் இல்லாமல்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கண்ணாடிக்கு வெளியே கேட்கிற மாதிரிச் சத்தமாகப் பேசினாள். "உக்காருங்க. நிக்காதீங்க, அப்படியே கீழ உக்காருங்க. முன்னாடி குனிஞ்சு, முழங்கால்ல கையை ஊணிக்கோங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. பயப்படாதீங்க. இருபது நிமிஷம். நான் இதோ வந்துடறேன்."

கார்க் கதவில் சாய்ந்து ஏதோ கீழே சரியும் ஓசை கேட்டது. சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

திருமதி பெட்டிக்ரூ புருவத்தைத் தூக்கினாள். "எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. முழங்கால்தான் வலிக்குது. எங்களை மாதிரி ஏழை ஜனங்களை யாரு பார்க்கறாங்க?"

"நான் இருக்கேன்," என்றாள் லுரீன். கண்ணீர் வழிந்து கன்னத்தில் ஓடியது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. "உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஊதும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. லுரீன் அதை எண்ணிக்கொண்டே முழங்காலுக்கு மருந்து எழுதினாள். ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் பிறகு எண்ண ஒன்றும் இல்லை.

ஆறு அடித்ததும் கதவைத் தள்ளினாள். அவர் சாய்ந்திருந்த கனத்தில் திறக்கவில்லை. மறுபக்கம் விழுந்தடித்து இறங்கி ஓடிவந்தாள். உதடு நீலம் பாரித்துப்போய், கையை முழங்காலில் ஊன்றி, அவள் சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தார். நெஞ்சை அமுக்கினாள், ஊதினாள், "பெரியவரே, பெரியவரே" என்று கத்தினாள். டாக்டருக்குச் செய்த அத்தனையும் செய்தாள். ஆம்புலன்ஸ் ஏழே காலுக்கு வந்தது. இந்தத் தடவை அவசரமாக ஏற்றவில்லை.

கடிதம் சொன்னபடி முப்பதாம் தேதி கவுன்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டடம் தப்பியது. போர்டு பரீட்சையும் எழுதி, செப்டம்பரில் உரிமம் வாங்கி, லுரீன் க்ளினிக்கைத் திறந்தாள். இப்போது அவள் கையெழுத்துக்குச் சிலிண்டர் வருகிறது, மருந்து வருகிறது, ஊரே வருகிறது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் தெரியும், அவர்களிடம் ஒளிப்பதிவே இருக்கிறது.

அதைப் பற்றித்தான் டாக்டர் மெரிடித் ஆஷ்வர்த் எழுதியிருந்தார். 'அன்புள்ள லுரீன், பரிவு: நூற்றுக்கு நூறு. எங்கள் வரலாற்றில் முதல் முறை! தொடர்பில்லாத மூச்சுப் பயிற்சி அறிவுரைக்காக மருத்துவப் பகுதியில் அரை மதிப்பெண் மட்டும் குறைத்திருக்கிறோம். வெளியிலிருந்து பதின்மூன்று நிமிடம் வந்த இடையூறுக்கு நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நோயாளிக்காகக் கண்ணீரும் விட்டீர்கள். இந்த ஒளிப்பதிவை இனி வரும் எல்லா மாணவிகளுக்கும் முதல் பாடமாகக் காட்ட விரும்புகிறோம். உங்கள் சம்மதம் தேவை.'

கீழே இரண்டு பொத்தான்கள்: 'மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறேன்', 'பிறகு நினைவூட்டவும்.' வேண்டாம் என்று சொல்ல ஒன்று இருக்கிறதா என்று அவள் மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டாள். இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு, க்ளினிக் கதவைத் திறந்து கணினியைப் போட்டதும் அந்தக் கடிதம் வந்து நிற்கும். வெளியே ஜனங்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லுரீன் இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டு முதல் ஆளைக் கூப்பிடுவாள்.